அப்பா ஆகப் போகும் தம்பிகளுக்கு

(பெங்களூரில் தமிழ்க் கட்டடத் தொழிலாளர்களுக்கான ஞாயிறு வகுப்பில் கல்வித் தொண்டர் ஒருவர் பேசியது)



போன மாதம் கர்ப்பிணிப் பெண்ணின் உணவு பற்றிப் பாடம் படித்தோம். சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, தடுப்பூசி எல்லாம் அதில் இருந்தது. படித்து முடித்ததும் சென்ட்ரிங் வேலை செய்யும் ஒரு தம்பி எழுந்தார். "எல்லாம் அவளுக்குத்தான் எழுதியிருக்கிறது. எனக்கு என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி.

நான் வக்கீல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். சட்ட உதவி முகாம்களில் கேட்டதையும், புத்தகத்தில் படித்ததையும், நம் பேட்டைகளில் பார்த்ததையும் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். ஏழாம் மாதம் வளைகாப்பு போடுவார்கள். பெண் தாய்வீடு போய்விடுவாள். பிள்ளை பிறந்த சேதி வந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் போதும். நம்மில் பலர் இப்படித்தான் அப்பா ஆகிறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்பதும் நம் பக்கத்து வழக்கம். நான் வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. அம்மா கையால் கஞ்சி குடிக்க எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அது வழக்கம் மட்டுமே. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனைவியின் சாப்பாடு, துணி, வீடு, வைத்தியம் எல்லாம் கணவன் பொறுப்பு. ஜீவனாம்சம் என்ற சொல்லுக்குள் வைத்தியச் செலவும் அடங்கும் என்று 1956ஆம் ஆண்டு இந்து தத்து, ஜீவனாம்சச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மாமனார் கடன் வாங்கிப் பிரசவம் பார்த்தால் அது அவருடைய பெரிய மனசு. நம் உரிமை அல்ல. பிள்ளைக்குச் செயின் போடு, எனக்கு வண்டி வாங்கிக் கொடு என்று கேட்டு மனைவியைத் துன்புறுத்தினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரிய செலவு கிடையாது. 2011 ஜூன் முதல் நாடு முழுவதும் ஒரு திட்டம் இருக்கிறது. ஜனனி சிசு சுரக்ஷா என்று பெயர். அதன்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். சிசேரியன் ஆனாலும் இலவசம். மருந்து, ரத்தம், பரிசோதனை, தங்கும் நாட்களில் சாப்பாடு, வீட்டிலிருந்து வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் வண்டி எல்லாம் அதில் அடங்கும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கை நீட்டுகிறவர்களிடம் கேள்வி கேட்க இது உதவும். மாதம்தோறும் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டரே கர்ப்பிணிகளைப் பார்க்கும் முகாம் நடக்கிறது. அன்று ஒரு நாள் கூலி போனால் போகட்டும். கூடப் போங்கள்.

முதல் பிள்ளைக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் 5,000 ரூபாய் உண்டு. இரண்டாவது பெண் பிள்ளையானால் 6,000 ரூபாய். யார் யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு விதி இருக்கிறது. அங்கன்வாடியில் கேளுங்கள். பணம் மனைவியின் பேங்க் கணக்கில்தான் விழும். ஏ.டி.எம். கார்டை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் தம்பிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அது அவள் பால், முட்டை சாப்பிடக் கொடுத்த பணம். உங்கள் மனைவியும் சித்தாள் வேலை செய்கிறவரா? அப்படியானால் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பெயரையும் பதியுங்கள். வருஷத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதியலாம். பதிந்த பெண்ணுக்குப் பிரசவ உதவி உண்டு. தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல வீடுகளில் கணவன் பெயர் மட்டும் பதிந்திருக்கிறது. அவளும் அதே கல்லைத்தானே சுமக்கிறாள்?

இனி நான் சொல்லப் போவது கசப்பானது. வயது பற்றியது.

கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18 வயது நிறைய வேண்டும். ஆணுக்கு 21 வேண்டும். இது பழைய விஷயம், எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 18 நிறையாத பெண்ணோடு சேர்ந்தால், அவள் தாலி கட்டிய மனைவியாகவே இருந்தாலும், அது பாலியல் வன்கொடுமை. உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் 11 அன்று இப்படித் தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அவளும் ஆசைப்பட்டாள், அவள் அப்பாதான் கட்டிக் கொடுத்தார் என்று சொன்னால் செல்லாது. 18 நிறையாத பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளாது. 2012இல் வந்த போக்சோ சட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சட்டத்தில், 18 நிறையாத பெண் கர்ப்பமானால் கடுமையான பிரிவு சேரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்த தண்டனையே 20 ஆண்டு.

20 ஆண்டு என்றால் என்ன? உள்ளே போகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, நீங்கள் வெளியே வரும்போது கல்யாண வயதில் இருக்கும்.

19 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் விரும்பிச் சேர்ந்திருந்தால் இத்தனை பெரிய தண்டனை கூடாது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. ஆனால் இன்று சட்டம் இதுதான். கர்நாடகத்தில் இன்னொன்றும் உண்டு. இங்கே 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஊரில், கோவிலில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டு இங்கே வந்து வேலை செய்யும் ஜோடிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் ஏற்கெனவே அந்த நிலையில் இருப்பவர் என்ன செய்வது? இதற்காகத்தான் இன்று நான் பேச வந்தேன்.

வேறு ஒரு பேட்டையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பையனுக்கு 22 வயது. பெண்ணுக்கு 17. அவளுக்கு ஐந்தாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போனால் வயது கேட்பார்கள், போலீஸ் வரும் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். கார்டு போடவில்லை. ஒரு ஊசி போடவில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பாட்டியிடம் பேசி வைத்திருந்தார்கள். இன்னொருவன் வந்து, ஆதார் கார்டில் வயதை மாற்றித் தருகிறேன், 3,000 ரூபாய் கொடு என்றான். பையன் என்னிடம் வந்து அழுதான்.

போலீஸ் வரும் என்பது பொய் இல்லை. 18 நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால் ஆஸ்பத்திரி தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி மட்டுமல்ல, தெரிந்த யாரும் சொல்ல வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கு 6 மாதம் வரை சிறை. அந்தச் சட்டம் என்னையும்தான் கட்டும். அதைப் பையனிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் செய்ய மாட்டேன் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி, தனியார் ஆனாலும் சரி, உடனே இலவசமாகப் பார்க்க வேண்டும். வயது குறைந்த உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கும். பி.பி. ஏறும், வலிப்பு வரும், இடுப்பெலும்பு முழுசாக வளர்ந்திருக்காது. வீட்டுப் பிரசவம் மற்றவர்களைவிட அவளுக்குத்தான் அதிக ஆபத்து.

அன்று நாங்கள் முதலில் போனது கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு. அங்கே வக்கீல் இலவசம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் கொடுப்பார்கள். பிடிபட்டுக் காவலில் இருப்பவருக்கும் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். அடுத்த நாளே பெண் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தாள். வழக்குப் பதிவானது. பையன் சில மாதம் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். குழந்தைகள் நலக் குழு விசாரித்து, பெண்ணை அவள் பாட்டி வீட்டில் இருக்க விட்டது. எட்டாம் மாதம் அவளுக்கு பி.பி. ஏறியது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவளும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. மாதம் ஒரு நாள் வாய்தாவுக்குப் போகிறான். மற்ற நாட்களில் வேலைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பணம் கொடுக்கிறான்.

அவன் ஓடிப் போயிருந்தால் வழக்கு இல்லாமல் போயிருக்காது. ஆதாரை மாற்றியிருந்தால் பொய் ஆவணம் என்று இன்னொரு வழக்கு சேர்ந்திருக்கும். அவள் வீட்டில் செத்திருந்தால்? அதை அவனே என்னிடம் சொன்னான். நான் சொல்லவில்லை.

ஒரு சிறு குறிப்பு. பையனுக்கும் 18 நிறையவில்லை என்றால் அவன் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும். பெரியவர்களின் ஜெயிலில் அவனை வைக்கக் கூடாது.

சரி, பெண்ணுக்கு 18 நிறைந்துவிட்டது. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. அவள் கர்ப்பம். பையன் செல்போன் நம்பரை மாற்றிக்கொண்டு ஓசூருக்கோ மங்களூருக்கோ வேறு சைட்டுக்குப் போய்விடுகிறான். தப்பித்துவிட்டானா?

தப்ப முடியாது. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கும் அப்பா ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருக்கும் இது பொது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆம் பிரிவு என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு. பெண் தான் இருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். வழக்கு முடியும் முன்பே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். அதைக் கூடுமானவரை 60 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கட்டாமல் விட்டால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. எனக்கு வேலை இல்லை என்று சொன்னாலும் எடுபடாது. உடம்பில் தெம்புள்ள ஆண் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டிக்கொள்கிறேன் என்று பொய் வாக்குக் கொடுத்துச் சேர்ந்திருந்தால், அது தனிக் குற்றம். அதற்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு.

பிள்ளை என்னுடையதே இல்லை என்று சொன்னால்? பெரிய மனிதர் ஒருவர் அப்படிச் சொல்லிப் பார்த்தார். என்.டி. திவாரி என்று ஒரு தலைவர். உத்தரப் பிரதேசத்தில் முதலமைச்சராக இருந்தவர், ஆந்திரத்தில் கவர்னராக இருந்தவர். ரோஹித் சேகர் என்பவர், இவர்தான் என் அப்பா என்று 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். திவாரி ரத்தம் கொடுக்க மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2012இல், தம் 86ஆம் வயதில், ரத்தம் கொடுத்தார். டி.என்.ஏ. சோதனையில் அவர்தான் அப்பா என்று வந்தது. கவர்னருக்கே அந்தக் கதி என்றால் நம் கதி என்ன?

கல்யாணம் ஆனவர்கள் விஷயம் வேறு. கல்யாணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த பிள்ளை கணவன் பிள்ளை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். டீக்கடையில் யாரோ சொன்னான் என்று டி.என்.ஏ. டெஸ்ட் கேட்டால் கோர்ட்டு கொடுக்காது. கோர்ட்டுக்குப் போகும் முன்பே அந்தச் சந்தேகம் வீட்டை எரித்துவிடும்.

இனி, அப்பாவுக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை உரிமை மிகக் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். கர்ப்பம் அவள் உடம்பில் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்புக்கு 18 நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். கணவன் கையெழுத்துத் தேவையில்லை. சில ஆஸ்பத்திரிகளில் கேட்கிறார்கள், சட்டம் கேட்கவில்லை. அதே போல, கலைத்துவிடு என்று அவளை நீங்கள் கட்டாயப்படுத்தவும் முடியாது. அவள் விருப்பம் இல்லாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் கலைத்தால் பெரிய குற்றம். பேசலாம், கேட்கலாம், சேர்ந்து முடிவு செய்யலாம். கடைசிச் சொல் அவளுடையது.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். ஜாடையாகவும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்கிற டாக்டருக்கும் தண்டனை, கேட்கிறவருக்கும் தண்டனை. கேட்டவருக்கு முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மனைவிதான் கேட்டாள் என்று தள்ளிவிடவும் வழி இல்லை. கணவனும் உறவினரும்தான் அவளைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

பிள்ளை பிறந்த பிறகு உங்களுக்கு உரிமை உண்டு. இந்துச் சட்டத்தில் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் இயற்கைக் காப்பாளர்கள். அப்பாவுக்குப் பிறகுதான் அம்மா என்று முன்பு பொருள் சொன்னார்கள். அப்படிப் பார்க்க வேண்டியதில்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கு முதல் காப்பாளர் அம்மா. மற்ற மதங்களில் விதி கொஞ்சம் மாறும். பிரிந்துவிட்டால் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பெரும்பாலும் அம்மாவிடம் இருக்கும். நீங்கள் போய்ப் பார்க்கவும், பிறகு உங்களோடு வைத்துக்கொள்ளவும் கோர்ட்டில் கேட்கலாம். எல்லா மதத்தவருக்கும் கோர்ட்டு பார்ப்பது ஒன்றுதான்: பிள்ளைக்கு எது நல்லது? ஆஸ்பத்திரிக்கு வந்தவரா, பணம் அனுப்பினவரா, அல்லது பிறந்தநாளுக்கு மட்டும் பலூனோடு வந்தவரா என்று விசாரிப்பார்கள். ஆகவே பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பேங்க் கணக்கில் போடுங்கள். ரசீது இருக்கும்.

லீவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு அதில் கிடைப்பது குறைவு. மத்திய அரசு வேலையில் இருக்கும் ஆணுக்குத் தந்தை விடுப்பு 15 நாள். தனியார் வேலைக்கோ மேஸ்திரியிடம் செய்யும் வேலைக்கோ அப்படி ஒரு தேசியச் சட்டம் இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மனைவி வேலை செய்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு அவருக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவ விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பெண்களின் கணவன்மார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பிறப்புப் பதிவு. பிறந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பும். வீட்டில் பிறந்தால் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்க அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆதார், ஓட்டு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம்.

நம் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எங்கே வசிக்கிறோமோ அங்கே பதிய முடியாது. எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிய வேண்டும். மனைவி பிரசவத்துக்குத் தர்மபுரி போயிருந்தால் சான்றிதழ் தர்மபுரியில்தான். இங்கே போட்ட தாய் கார்டையும் அவள் ஆதாரையும் பையில் வைத்து அனுப்புங்கள். உங்கள் பெயர் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆதாரில் முருகேசன், சான்றிதழில் முருகேஷ் என்று இருந்தால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது திண்டாட்டம். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையா? பரவாயில்லை. பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். கல்யாணம் ஆகாத தாய், அப்பா பெயரைச் சொல்ல விரும்பாவிட்டாலும் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருப்பதும் உங்கள் பெயர் இருப்பதும் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பிறப்புத் தகவல் படிவத்தின் நகல் கொண்டு வருகிறேன். ஆளுக்கு ஒன்று. தகப்பன் பெயர், தாய் பெயர், நிரந்தர முகவரி ஆகிய மூன்று கட்டங்களையும் நீங்களே எழுத வேண்டும். ஆதார் கார்டு எடுத்து வாருங்கள், எழுத்தைப் பார்த்து எழுத வேண்டும். மனைவி ஊரில் இல்லாதவர்கள் அவர் கார்டைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். வகுப்பு வழக்கம்போல மாலை 6 மணிக்கு.